நாலாம் கட்டம்

ஐந்தே முக்காலுக்கு வாய்க்கால் பக்கமிருந்து பனி வந்து
கோடிக்குள் நிற்கும்.
தை பிறந்தால் முத்தையன்கட்டு வலதுகரையில் இப்படித்தான்.
ஆட்டுக்குக் குழை கட்டப் போனவள்
ஆட்டை மறந்து நிற்கிறேன்.

வேலியில் ஏழு.
கச்சான் பாத்திக்கு மேலே சின்னச் சின்னதாய்,
லேஞ்சி காயப்போட்டதுபோல். அவற்றை எண்ணவில்லை.
தண்ணிப் பைப்புக்கும் முருங்கைக்கும் நடுவில் இன்னொன்று.
நேற்று அது என் தலைமயிரோடு போனது.
இரவோடிரவாய்த் திரும்பக் கட்டியிருக்கிறது,
ஒரு முழம் தள்ளி,
எனக்கு வழி விட்டு.

அபிசாயினியின் போன். கண்ணாடி வெடித்தது.
திரையில் எது வெடிப்பு எது நூல் என்று தெரியாது.
படத்தில் தெரியும்.

முதல் பத்தும் பழுது.
போன் பின்னால் நிற்கிற பூவரசைப் பிடித்துக்கொள்கிறது,
வலையை விட்டுவிடுகிறது.
பிறகுதான் இவருடைய கறுப்புக் குடையை
விரித்துப் பின்னால் சாத்தி வைத்தேன்.
ஒரு கம்பி முறிந்த குடை. பரவாயில்லை.
கறுப்புக்கு முன்னால்
துளி துளியாய் எல்லாம்
"ஓம்" என்று வரவு சொல்லிற்று.

மூச்சு விட்டால் ஆடும்.
ஒரு முழங்கால் ஈரமண்ணில் புதைய
குடையை எடுத்துவிட்டு
வீட்டுப் பக்கமாய்த் திருப்பியும் ஒன்று எடுத்தேன்.
விரலால் பெருப்பித்துப் பார்த்தால்
துளிக்குள் வீடு.

தலைகீழாய். வானம் அடியில், அதன்மேல் கூரை,
பூசாத சுவர், எல்லாவற்றுக்கும் மேலே அத்திவாரம்.
பக்கத்துத் துளியிலும் அது. அதற்கடுத்ததிலும்.
ஒரே வலையில் எங்கள் வீடு
நூறு தடவை முடியாமல் இருந்தது.

வீட்டுத்திட்டக்காரர் எடுத்த படங்கள் நினைவு வந்தன.
அத்திவாரத்துக்கு ஒன்று,
யன்னல் மட்டத்துக்கு ஒன்று,
கூரைக்கு ஒன்று.
ஒவ்வொன்றுக்கும் நான் முன்னால் நிற்கவேண்டும்
மட்டை பிடித்து:
சு. நாகராசமணி, இலக்கம் 218, இரண்டாம் கட்டம்.
"அக்கா, கொஞ்சம் உயர்த்துங்கோ" என்றான்
கமராக்காரப் பொடியன்.
உயர்த்தினேன். என் முகம் மறைந்தது.
"சரி" என்றான்.
நாலாம் கட்டத்துக்கு ஒருவரும் வரவில்லை.
சீமெந்தின் விலைதான் வந்தது.
குசினி யன்னலுக்கு உரப்பை.

அந்த யன்னலில்தான் இன்றைக்குப் பெரியது.
உரப்பை ஒருபக்கம் ஆணி விட்டுத் தொங்க,
திறந்த இடத்துக்குச் சரியாய் அளவெடுத்து
மேலே லிண்டலில் துருத்திய கம்பி வரைக்கும்
இழுத்துக் கட்டி,
நடுவில் மஞ்சள் வரி வயிற்றோடு அவள்.
எட்டுக் காலையும் இரண்டிரண்டாய்ச் சேர்த்து
ஒரு பெருக்கல் குறி.

பின்னால் முன்கதவு வெளிச்சம். படம் வெளிறிப்போனது.
இவரை எழுப்பி, குடையோடு
குசினிக்குள் அனுப்பினேன்.
"விசரே உனக்கு, வீட்டுக்குள்ள குடை பிடிக்க?"
பிடித்தார்.
சாரத்தோடு, பல்லும் தீட்டாமல்,
ஓட்டை வழியே என்னைப் பார்த்துக்கொண்டு.

"கொஞ்சம் உயர்த்துங்கோ" என்றேன்.
உயர்த்தினார்.
அவர் முகம் மறைந்தது.

"சரி" என்று சொல்ல வாய் எடுத்தேன்.
சொல்லவில்லை.
"இல்லை, பதியுங்கோ. இன்னும். உங்கட முகமும் வரட்டும்."
"என்ர முகமோ?" என்றார், தலைமயிரைக் கோதியபடி.

ஏழு பத்துக்கு வெயில் பூவரசைத் தாண்டி வந்தது.
துளிகள் போன சுவடு இல்லை.
வலை இருக்கிறதா என்றுகூடத் தெரியவில்லை,
யன்னல் சும்மா திறந்து கிடந்தது,
அவர் மட்டும் குடையை மடக்காமல்
"முடிஞ்சுதோ? முடிஞ்சுதோ?"
ஆடு கத்தத் தொடங்கிவிட்டது.

கடைசிப் படத்தில் அவருக்குக் கண் மூடியிருக்கிறது.
இடது மூலையில் என் பெருவிரலும்.
அழிக்கவில்லை.

நெல்லுக் காசு வந்ததும் முதலில்
இந்த யன்னலுக்கு நிலை வைப்போம் என்கிறார்.
வைக்கலாம்.
அறை யன்னலில் இருந்து தொடங்குங்கோ, என்றேன்.